தோள்வலிக்குக் காரணம் வயிற்றுக்குள் இருந்தது: எண்டோமெட்ரியோசிஸ், என் அனுபவம்

மாதவிடாய் வலியை மாத்திரை போட்டே சமாளித்துவந்த எனக்கு, வலது தோள்பட்டையிலும் குத்தல் தொடங்கியபோது இரண்டுக்கும் தொடர்பு இருக்குமென்று தோன்றவே இல்லை. தோளுக்குப் பிசியோதெரபி, வயிற்றுக்கு வாயு மாத்திரை என்று மாதங்கள் ஓடின. ஸ்கேனில் எல்லாம் இயல்பு என்றே வந்தது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ்; அதில் கட்டியாகத் திரளாத மெல்லிய படிவுகள் அல்ட்ராசவுண்டில் புலப்படாமல் போகலாம் என்பதை அப்போது நான் அறியவில்லை.

வழி திறந்தது காலண்டரால்தான். வலித்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவந்தேன். மூன்று மாதங்களில் தோளுக்கான வட்டங்கள் அனைத்தும் உதிரப்போக்கின் முதல் இரண்டு நாள்களிலேயே விழுந்திருந்தன. அதைப் பார்த்த மகளிர் நல மருத்துவர், அந்தத் திசு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் படிந்திருக்கலாம் என்றும், உதரவிதானத்துக்கும் தோளுக்குமான நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால் அங்குள்ள வலி தோளில் உணரப்படும் என்றும் விளக்கினார்.

சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைசிகிச்சையில் கல்லீரலைச் சற்று விலக்கிப் பார்த்தபோதுதான் படிவுகள் தெரிந்தன. தேடலை இடுப்புப் பகுதியோடு நிறுத்தியிருந்தால் அவை கண்ணில் படாமலே போயிருக்கும். அவற்றை அகற்றினார்கள், திசுப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்தது. இந்நோய் திரும்பக்கூடியது என்பதால் தினமும் 2 மி.கி. டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். காலண்டரில் சிவப்பு வட்டம் விழுந்து எட்டு மாதங்களாகின்றன, பெரும் நிம்மதி.