சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? பூனைக்கு வீட்டில் இன்சுலின் போடும் முறை

பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்ததும் எல்லாரும் பயப்படுவது ஊசி குத்துவதற்குத்தான். குத்துவது சுலபம். விபத்து நடப்பது அளவில்.

நம்மூர் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு. சிவப்பு மூடி யூ-40, மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி யூ-100, மி.லி.க்கு 100 யூனிட் உள்ளதற்கு. பூனைகளுக்குப் பரவலாக எழுதப்படும் கிளார்ஜின் (லாண்டஸ், பேசலாக்) 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். சின்ன உடம்புக்கு இது உயிருக்கே ஆபத்து. மருந்துக் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். 0.3 மி.லி. அளவில், அரை யூனிட் கோடு போட்ட யூ-100 சிரிஞ்சு கிடைத்தால் அதுவே நல்லது, சொல்லிவைத்தாவது வாங்குங்கள்.

தொடக்க அளவு பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட். பெரிய பூனைக்கும் 2 யூனிட்டைத் தாண்டி ஆரம்பிப்பதில்லை. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 1 யூனிட் என்றால் 0.01 மி.லி. தான். ஒரு காற்றுக்குமிழி நின்றாலே பாதி மருந்து போய்விடும். சிரிஞ்சைத் தட்டி, குமிழியைக் குப்பிக்கே திருப்பித் தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். குலுக்கவோ எதனுடனும் கலக்கவோ கூடாது. வைக்கும் இடம் ஃபிரிட்ஜ், 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரில் உறைந்த மருந்து வீண்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. தட்டில் வாய் வைத்திருக்கும்போதே போடலாம். பிடரியைவிட விலாப்பக்கமோ இடுப்புப்பக்கமோ மருந்தை நன்றாக உறிஞ்சும். தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடிப்பகுதியில் ஊசியைச் சாய்வாக நுழைத்துத் தள்ளுங்கள். தினமும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். எடுத்தபின் ரோமம் ஈரமாக இருந்து, மருந்து வாடை வந்தால், ஊசி தோலின் மறுபக்கம் வந்துவிட்டது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் சர்க்கரை ஏறியிருந்தால் பூனை தாங்கும்; ஒரு மணி நேரம் அதலபாதாளத்துக்கு இறங்கினால் தாங்காது. பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது என்றாலும் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, போட்டதும் டிக் அடியுங்கள். "நீ போட்டியா, நான் போட்டேனா" என்ற குழப்பத்தில் இரட்டை ஊசி விழுவது சாதாரணமாக நடக்கிறது.

சர்க்கரை பார்க்க, காதோரத்து ரத்தக்குழாய். வெதுவெதுப்பான துணியைக் காதில் வைத்து, பின்னால் பஞ்சைக் கொடுத்து, ஓரத்தில் குத்தினால் ஒரு துளி வரும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும் என்பதால் வீட்டில் எடுத்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். டாக்டர் கேட்கும் நாளில் ஊசிக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு மணிக்கொரு முறை, 12 மணி நேரம் வரை எழுதுங்கள். மிகக் குறைந்த எண் 80க்கும் 150க்கும் இடையே நின்றால் நல்லது. அதற்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறி நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கிளார்ஜின் நிலைபெற ஒரு வாரம் வரை ஆகும், அதன்பின்தான் டாக்டர் அரை யூனிட் மாற்றுவார்.

தள்ளாட்டம், சோர்வு, திடீர்ப் பசி, நடுக்கம், வலிப்பு: இவை சர்க்கரை இறங்கிவிட்டதன் அடையாளம். மீட்டர் 60க்குக் கீழ் காட்டினாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விழிப்பாக இருந்தால் உடனே சாப்பாடு. சாப்பிடாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள், இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பால்சோறு, தயிர்சாதம், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும். உலர் உணவிலும் மாவுச்சத்து அதிகம். மாவு குறைந்த ஈர உணவோ, டாக்டர் சொல்லும் உணவோ நல்லது. ஆனால் உணவை மாற்றினால் இன்சுலின் தேவை சடாரென்று குறையக்கூடும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக மாற்றுங்கள், அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கிய சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். ஊசிக்கு முந்தைய எண் தொடர்ந்து குறைவாக வந்தால் எண்களை எழுதிய தாளுடன் டாக்டரைப் பாருங்கள். ஊசியை நிறுத்திய பிறகும் எடையையும் தண்ணீர் குடிக்கும் அளவையும் கவனியுங்கள்; நோய் திரும்பி வருவதுண்டு.