கடல பின்னால வெச்சு ஒரு மியூசிக் மேகசின் அட்டை பண்றது எப்படி

கவர் டிசைன்னு உக்காந்ததும் நெறைய பேரு மொதல்ல ஃபான்ட் தேட ஆரம்பிச்சிருவாங்க, அதெல்லாம் அப்புறம். பாதி வேல போட்டோ எடுக்கும்போதே முடிஞ்சிரணும். நம்ம பக்கத்து மேகசின், பேரு சும்மா 'மெட்டு'ன்னு வெச்சுக்குவோம், இந்த மாசம் அம்பா பாட்டு (மீனவங்க வேலை செய்யறப்ப பாடுற பாட்டு) ஸ்பெஷல், வலை இழுக்கறப்ப பாடுற ஒரு பெரியவர்தான் அட்டையில.

பாம்பன்லயோ தனுஷ்கோடிப் பக்கமோ காலைல வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துருங்க. பத்து மணிக்கு மேல மணல் வெளிச்சம் கண்ணக் கூசும், அவரு முகத்தச் சுருக்கிக்கிட்டுதான் நிப்பாரு. ஃபோன நேரா நிமித்திப் பிடிங்க, தலைக்கு மேல மூணுல ஒரு பங்கு வெறும் வானம் விடுங்க, டைட்டிலுக்கு அதான் எடம். கடல் கோடு கழுத்துல வந்து வெட்டாம தோளுக்குக் கீழ இருக்கட்டும். முக்கியமா படத்த வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா அனுப்பிராதீங்க, சுருக்கிரும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

இப்ப போட்டோஷாப். காசு இல்லன்னா கிம்ப், இல்ல பிரவுசர்லயே ஓடுற போட்டோபீ, ரெண்டும் ஃப்ரீ. புது ஃபைல் 216க்கு 303 மி.மீ., 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி). ஏ4 210க்கு 297தானேம்பீங்க, சுத்தி 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டிப் போடுற ஓரம், பிரஸ்ல கத்தி லேசா நகந்தாலும் ஓரத்துல வெள்ளக் கோடு வராம இருக்க. பிக்சல்ல பாத்தா 2551க்கு 3579 வரும், 12 மெகாபிக்சல் போன் படம் தாராளமா போதும், ஆனா பெருசா க்ராப் பண்ணுனீங்கன்னா பத்தாது.

தமிழ் எழுத்துலதான் எல்லாரும் மாட்டுவாங்க. பழைய போட்டோஷாப்ல 'கொ'ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறிப் போயிரும், ப்ரிஃபரன்ஸஸ்ல டைப்புக்குள்ள போயி மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு மாத்திட்டு மூடித் திறந்து புது ஃபைல்ல அடிச்சுப் பாருங்க. டைட்டிலுக்கு பாலூ தம்பி மாதிரி தடியா ஒன்னு, சின்ன எழுத்துக்கு முக்த மலர், ரெண்டே போதும், மூணாவது ஃபான்ட் வந்தாலே கல்யாண நோட்டீஸ் மாதிரி ஆயிரும்.

தலை டைட்டிலுக்கு முன்னாடி வர்ற மாதிரி பண்ணணும்னா ஆள மட்டும் செலக்ட் பண்ணி லேயர டூப்ளிகேட் போட்டு, லேயர் மாஸ்க் (வேண்டாத பகுதிய அழிக்காம மறைக்கிறது) கொடுத்து டைட்டில் லேயருக்கு மேல தூக்கி வைங்க. அழிப்பானால அழிக்காதீங்க, மாஸ்க்னா எப்ப வேணா திருத்தலாம். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து பாதி மறஞ்சாலும் வாசிச்சிருவாங்க, நமக்கு அப்படி இல்ல, 'மெட்டு'ல 'ட்' மேல இருக்க புள்ளிய அவரு தலப்பா மறைச்சிட்டா 'மெடடு' ஆயிரும். அதனால ஆள கொஞ்சம் அங்குட்டு தள்ளி, எழுத்தோட கீழ்ப் பகுதில மட்டும் தல படுற மாதிரி வைங்க.

கலர வெளிய தேடாதீங்க, ஐட்ராப்பர் (படத்துலருந்து கலர் எடுக்கிற டூல்) எடுத்து பின்னால நிக்கிற வள்ளத்தோட பெயிண்ட்லயே எடுங்க. பாம்பன் கடலோட அந்தப் பச்சை நீலம் ஸ்க்ரீன்ல கண்ணப் பறிக்கும், பிரிண்ட்ல மங்கிரும், சிஎம்ஒய்கேங்கிற நாலு கலர் அச்சு மையில அந்தக் கலரே வராது. போட்டோஷாப்ல கன்ட்ரோல் ஒய் அமுக்குனா பிரிண்ட்ல எப்படித் தெரியும்னு ஓரளவு காட்டும், அத வெச்சு கர்வ்ஸ்ங்கிற வெளிச்சம், கலர் திருத்துற டூல்ல திருத்திக்கங்க.

கட்டுரைத் தலைப்பு மூணு நாலு போதும், ஒன்னு பெருசா, மத்ததெல்லாம் சின்னதா, முகத்து மேல எதுவும் வேணாம். ஓரத்துலருந்து 10 மி.மீ. உள்ளயே நிறுத்துங்க. கடையில விக்கிற புக்குன்னா பார்கோடுக்கு கீழ மூலையில வெள்ளையா ஒரு எடம், 37க்கு 26 மி.மீ. அளவு விட்டுருங்க. அப்புறம் 10 சதவீதத்துக்கு ஜூம் குறைச்சுப் பாருங்க, டைட்டிலும் ஆளும் அப்பவும் தெரியணும், இல்லன்னா தலைப்புல ஒன்னத் தூக்குங்க.

பிரஸ்க்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்த எல்லாம் கன்வெர்ட் டு ஷேப் போட்டு, ஃபான்ட் தேவையில்லாத வடிவமா மாத்தி, பிடிஎஃப் எடுங்க, அவங்க கம்ப்யூட்டர்ல உங்க ஃபான்ட் இருக்காது. திருத்துறதுக்கு எழுத்தோட இருக்க பிஎஸ்டிய (போட்டோஷாப் ஃபைல) தனியா வெச்சுக்கங்க, எழுத்துப்பிழை எப்படியும் ஒன்னு தட்டுப்படும்.