தாத்தா விட்டுப்போன பழைய ஷாட்கன் தோட்டாக்கள்: வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய பண்ணை வீடுகளைக் காலி செய்யும்போது, வேட்டைக்குப் போன தாத்தா விட்டுச்சென்ற ஷாட்கன் தோட்டாக்கள் பரணில் கிடைப்பது சகஜம். எந்தக் காலத்தவை என்பதற்கான துப்பு பெரும்பாலும் தோட்டாவின் பித்தளை அடியில் பொறித்த எழுத்துகளிலேயே இருக்கும். ஆனால் அதைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகம்.

எண்ணைப் பார்த்ததும் ஆண்டு என்று முடிவுகட்டாதீர்கள். 'நம்பர் 12' என்றால் 1912 இல்லை, நம்மூரில் 12 போர் என்கிறோமே, அந்த அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டையின் விட்டமே துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். இதைவிடப் பெரிய கண்ணி, அமெரிக்க நிறுவனமான வின்செஸ்டரின் தோட்டாவில் இருக்கிறது. '1901 லீடர்', '1901 ரிப்பீட்டர்' என்று ரகப் பெயரோடு பொறித்திருப்பார்கள். அந்த 1901, அடியில் இருக்கும் கேப்பின் (அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வடிவமைப்பை நிறுவனம் மாற்றிய ஆண்டு. அதன்பின் பல வருடங்கள் தயாரித்தவற்றிலும் அதே எண்தான் இருந்தது. ஆக, 1901-க்கு முந்தையது இல்லை என்பதை மட்டுமே அதை வைத்துச் சொல்லலாம்.

நிறுவனத்தின் பெயர் நல்ல தடயம். 'யு.எம்.சி.' (யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ்) என்று மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டனோடு சேர்வதற்கு முந்தைய காலம் என்று பொதுவாகக் கொள்ளலாம். 'ரெம்-யு.எம்.சி.' என்றால் 1910-களில் இரண்டும் இணைந்த பிறகு வந்தது. ஆனால் பீட்டர்ஸ் என்ற தோட்டா நிறுவனத்தின் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. ஒஹாயோவில் இருந்த அந்த நிறுவனத்தை ரெமிங்டன் 1934-ல் வாங்கியது. பெயரை மட்டும் அப்புறமும் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது.

உறை காகிதமாக இருந்தாலே நூறு வயது என்பதும் தவறு. ரெமிங்டன் 1960-ல் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் காகிதம் மறையவில்லை, ஃபெடரல் என்ற நிறுவனம் அண்மைக்காலம் வரை காகித உறைத் தோட்டாக்களை விற்றிருக்கிறது. முழுப் பித்தளைத் தோட்டாவை 19-ஆம் நூற்றாண்டு என்பார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவமும் அதைப் பயன்படுத்தியது, ஈரத்தில் காகிதம் ஊதிப்போகும் என்பதால். தோட்டாவின் வாயையும் பாருங்கள். விளிம்பை உள்ளே சுருட்டி, உள்ளே இருக்கும் ரவைக்கு (சிறு ஈயக் குண்டுகள்) மேல் வட்ட அட்டை வைத்திருந்தால் போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். நட்சத்திரம் போல மடித்திருந்தால் பெரும்பாலும் பிந்தையது. இதுவும் தனியாக நின்றால் சாட்சியாகாது, ஒற்றைக் குண்டுத் தோட்டாக்களின் வாயை இன்றும் சுருட்டுகிறார்கள்.

பெட்டியை நம்புவதிலும் நிதானம் வேண்டும். முகவரியில் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் பெட்டி 1963-க்கு முந்தையது அல்ல. ஆனால் மிஞ்சிய தோட்டாவைக் கையில் கிடைத்த பெட்டியில் போட்டு வைப்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். ஒவ்வொன்றாக எடுத்து அடியைப் பாருங்கள். பழைய உறையில் வீட்டிலேயே புதிதாக வெடிமருந்து நிரப்பியதாகவும் இருக்கலாம். அப்போது அடியில் உள்ள எழுத்து உறையின் வயதைத்தான் சொல்லும்.

எழுத்து தெரியவில்லை என்று பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பொறிப்பு மங்கும், சேகரிப்பாளர் தரும் விலையும் விழும், அமோனியா கலந்த பாலிஷ் பித்தளையையே பலவீனமாக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும்.

எந்தக் காலத்து மருந்து என்று பார்க்க அறுத்துத் திறப்பது, 'இன்னும் வெடிக்குமா' என்று சுட்டுப் பார்ப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய கரிமருந்து இன்னும் உயிரோடு இருக்கும். வேண்டாதவற்றைக் குப்பையில் போடாமல் உள்ளூர் போலீசைக் கேளுங்கள். இந்தியாவில் இப்படிக் கிடைத்தால் வயதை ஆராய்வதற்கு முன்பே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டாவை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும்.