கிரேட் ஓஷன் ரோட்டில் கேம்பர் வேன் பயணம்: சில குறிப்புகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் கிரேட் ஓஷன் ரோட்டில் குழந்தைகளுடன் கேம்பர் வேனில் (தங்கி உறங்கும் வசதியுள்ள வண்டியில்) செல்வோர், அதன் கிழக்கு முனையிலுள்ள டார்க்கி ஊரிலிருந்து மேற்கு நோக்கிப் போவதே நல்லது. அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், கடல் நம் பக்கமாகவே வரும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் காட்சி முனைகளில் ஒதுங்கி நிறுத்தலாம். வழியிலுள்ள ‘அப்பல்லோ பே’ என்ற கடலோர ஊரில் ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். அதற்கு அப்பால் சாலை கடலை விட்டு விலகி ஓட்வே காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுவதால், வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் குமட்டும். இரண்டு ரொட்டித் துண்டோடு கிளம்பினால் போதும். அலமாரிக் கொக்கிகளையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சரியாக மாட்டாவிட்டால் முதல் வளைவிலேயே தட்டுகள் உருண்டுவிடும். சாலையோரத்தில் வேனை நிறுத்தி உறங்க அனுமதி இல்லை என்பதால், டிசம்பர், ஜனவரி விடுமுறைக்கு மின் இணைப்புள்ள முகாமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். அந்தி மயங்கினால் கங்காருகள் குறுக்கே பாயக்கூடும். வெளிச்சம் இருக்கும்போதே முகாமை அடைந்துவிட வேண்டும்.