காட்டு வாத்துக்குக் கூட்டுப் பெட்டி: கம்பம் முதலில், பலகை அப்புறம்

வாத்துப் பெட்டிக்கு அளவு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதன் மேல் நிறுத்தப் போகிறீர்கள்?" என்பதுதான். "கரையில் ஒரு மரம் இருக்கிறது, அதில் அடித்துவிடலாம்" என்று பதில் வந்தால் அளவு சொல்ல மாட்டேன். பாம்பு, உடும்பு, மரநாய், வட அமெரிக்காவில் ரக்கூன் என்ற விலங்கு என்று மரம் ஏறத் தெரிந்த எல்லாவற்றுக்கும் அது எட்டும். பெட்டிக்குள் முட்டை கிடைக்கும் என்று ரக்கூன் ஒரு தடவை தெரிந்துகொண்டால் பக்கத்துப் பெட்டியையும் தேடிப் போகும். பாதுகாப்பில்லாத பெட்டியை மாட்டுவதைவிட மாட்டாமல் இருப்பதே மேல்.

அதற்கும் முன்னால், உங்கள் குளத்துக்கு வருவது எந்த வாத்து என்று பாருங்கள். மரப்பொந்தில் முட்டையிடும் வகைதான் பெட்டிக்குள் வரும். குள்ளத்தாரா, வட அமெரிக்காவின் மரவாத்து, கிழக்காசியாவின் மாண்டரின் வாத்து எல்லாம் அந்த ரகம். இவற்றுக்குத் தாமாகப் பொந்து குடையத் தெரியாது, இருப்பதில்தான் குடியேறும். பெருமரங்களை வெட்டித் தீர்த்த இடத்தில் பெட்டி உதவுவது அதனால்தான். புள்ளிமூக்கு வாத்து புல்லுக்குள் தரையிலேயே கூடு வைக்கும். அதற்குப் பெட்டி வேண்டாம், கரையோரப் புல்லை வெட்டாமல் விட்டால் போதும்.

சரி, கம்பம். இரும்புக் குழாய் நல்லது. தண்ணீர் வற்றியிருக்கும் பருவத்தில் குளத்துக்குள் இறங்கி, சேற்றைத் தாண்டிக் கெட்டி மண்ணில் நன்றாக இறங்கும்வரை அடியுங்கள். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினால் அசையக் கூடாது. ஆடுகிற பெட்டியை வாத்து நம்பாது. உயரத்தை இன்றைய நீர்மட்டத்திலிருந்து அளக்காதீர்கள். குளம் நிரம்பி நிற்கும்போது தண்ணீர் எங்கே தொடும் என்பதிலிருந்து அளந்து, பெட்டியின் அடிப்பாகம் அதற்கு மேல் நாலைந்து அடியில் இருக்கட்டும்.

பெட்டிக்குக் கீழே, கம்பத்தைச் சுற்றித் தகரக் கூம்பு. மூன்றடிச் சதுரத் தகட்டில் வட்டம் வெட்டி, ஒரு துண்டை ஆப்பு வடிவில் எடுத்துவிட்டு, இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துத் திருகினால் கூம்பு வந்துவிடும். அகன்ற வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது நடு ஓட்டையில். கம்பத்துக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருந்தால் பாம்புக்கு அது வாசல்; சல்லடைக் கம்பியைத் திணித்து அடையுங்கள். மேலே கிளை எதுவும் தாவும் தூரத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் கூம்பு வெறும் அலங்காரம்.

இப்போது பலகை. கீழே உள்ளது மரவாத்து அளவு வாத்துக்கானது. முக்கால் முதல் ஒரு அங்குலக் கனமுள்ள, இழைக்காத சொரசொரப்பான பலகை வேண்டும். உட்புறத் தரை 10 அங்குலச் சதுரம், உயரம் 24 அங்குலம். வாசல் வட்டமல்ல, படுத்த நீள்வட்டம்: அகலம் 4 அங்குலம், உயரம் 3 அங்குலம். பெட்டை உடலை நெளித்து நுழைந்துவிடும், வளர்ந்த ரக்கூனுக்கு அது நெருக்கம். வாசலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 16, 17 அங்குலம். தரையில் தண்ணீர் வடிய நாலு துளை. கூரை முன்பக்கம் சரிந்து நீண்டிருக்கட்டும். ஒரு பக்கப் பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்து, கொக்கி போடுங்கள். தகரம், பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் கொதிக்கும். பூச்சி மருந்து ஏற்றிய பலகையும் உள்ளே வண்ணமும் வேண்டவே வேண்டாம். வெளியில் நீங்கள் விட்ட கோணல் எதுவும் வாத்துக்குக் கண்ணில் படாது.

இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த வேலை முன்பலகையின் உட்புறம்தான். பொரித்த மறுநாளே குஞ்சுகள் தாயின் குரலைக் கேட்டு அந்த ஒன்றரை அடிச் சுவரில் நகத்தைப் பதித்து ஏறி, வாசலிலிருந்து தண்ணீருக்குக் குதிக்க வேண்டும். பலகை வழுக்கினால் அத்தனையும் உள்ளேயே சாகும். வாசலுக்குக் கீழே அரை அங்குலத்துக்கு ஒன்றாக, குறுக்கே மரம் அறுக்கும் வாளால் ஆழமாகக் கீறிவிடுங்கள். சிலர் கம்பி வலை அடிப்பார்கள். அதுவும் ஏற உதவும், ஆனால் துருப்பிடித்து முனை நீண்டால் காலைக் கிழிக்கும். வாள் கீறல் துருப்பிடிக்காது. பெட்டியை இம்மி முன்பக்கம் சாய்த்து நிறுத்தினால் ஏறுவது சுலபம், மழையும் உள்ளே அடிக்காது.

மரவாத்து வெளியிலிருந்து ஒரு துரும்பும் கொண்டு வராது. தன் மார்புத் தூவியைப் பிடுங்கித்தான் பெட்டை மெத்தை போடும். ஆகவே தரையில் நாலு அங்குலத்துக்கு மரச்சீவல் கொட்டுங்கள். இழைக்கும்போது சுருண்டு விழுமே, அந்தச் சீவல். அறுக்கும்போது விழும் தூள் ஈரம் பிடித்து இறுகிவிடும், ஆகாது.

எத்தனை பெட்டி? ஆசைப்படாதீர்கள். வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தெரிகிற மாதிரி வரிசையாக நிறுத்தினால், ஒரு பெட்டை போவதைப் பார்த்து இன்னொன்றும் அதே பெட்டியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பது சேர்ந்தால் எதையும் ஒழுங்காக அடைகாக்க முடியாது. சிறு குளத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நடுவே செடி மறைக்க வேண்டும். வாசலுக்கு எதிரே மட்டும் பறந்து வரத் திறந்த வழி விடுங்கள். குளத்தில் நாணலும் கோரையும் இல்லாவிட்டால் பெட்டியே வேண்டாம்: குஞ்சுகள் ஒளிவதும் அங்கே, முதல் சில வாரம் பூச்சி தின்பதும் அங்கே.

மரவாத்து அடைகாப்பது ஏறக்குறைய 30 நாள். அந்த நாட்களில் கொக்கியைத் தொடாதீர்கள். பெட்டை எழுந்து போகும்போது முட்டையைத் தூவியால் மூடிவிட்டுப் போகும், கைவிட்ட கூடு என்று நினைத்துவிட வேண்டாம். முட்டையை எடுப்பது பல நாடுகளில் குற்றம்.

பருவம் முடிந்து திறந்து பார்ப்பதில் ஒரு துப்பறியும் சுகம் உண்டு. சீவலைக் கிளறினால் ஓட்டிலிருந்து பிரிந்த, தோல் மாதிரி கெட்டியான சவ்வுகள் கிடைக்கும். அவை பொரித்த முட்டைகள். நொறுங்கிய ஓட்டில் மஞ்சள் கரு காய்ந்திருந்தால் எதுவோ உள்ளே புகுந்திருக்கிறது. முட்டையிட்டது தெரிந்தும் ஓடுகூட மிஞ்சவில்லை என்றால் பாம்பைச் சந்தேகியுங்கள், கூம்பின் நடு இடுக்கை மறுபடி பாருங்கள். பழைய சீவலை மொத்தமாக வாரிக் கொட்டி, குளவிக் கூடு இருந்தால் சுரண்டி, வடிதுளைகளில் குச்சி விட்டுக் குத்தி, புதுச் சீவல் போட்டு, அடுத்த இனப்பெருக்கப் பருவத்துக்கு முன்பே மூடிவிடுங்கள்.