பெங்களூரு அல்சூர் ஏரித் தண்ணீர் ஆவியான தடத்தை ஐசோடோப் வைத்துப் பார்ப்பது எப்படி?

ஐசோடோப் என்றால் ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். ஏறக்குறைய 500 ஆக்ஸிஜன் அணுக்களில் ஒன்று கனமான ஆக்ஸிஜன்-18. 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன். கதிரியக்கம் கிடையாது, எடைதான் கூடுதல். வெயிலில் லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு பறந்துவிடும், கனமானவை ஏரியில் தங்கிவிடும். மேகத்தில் இதற்கு நேர்மாறு, கனமானவைதான் முதலில் மழையாக இறங்கும்.

முதலில் மழைநீர். மொட்டை மாடியில் கேன் வைத்து, புனலில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போடுங்கள். மழை விழும்போது பந்து மிதந்து வழிவிடும், நின்றதும் வாயை அடைத்துக்கொள்ளும். தினமும் காலை 8:30-க்கு, அதாவது வானிலைத் துறை மழை அளக்கும் நேரத்தில், தண்ணீரை பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

பாட்டிலில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நாம் அளப்பதே ஆவியாதலை, பாட்டிலுக்குள்ளேயே அது நடந்தால் எல்லாம் வீண். 30 மில்லி பாட்டில் போதும். கழுத்து வழிய நிரப்பி, இறுக்கி மூடி, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். குமிழி ஓடினால் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். மூடியைச் சுற்றி டேப். தேதி, நேரம், இடம் எழுதாத பாட்டிலைக் கொட்டிவிடலாம்.

அடுத்து ஏரி. கால்வாய் விழும் இடமும் கரையோரத் தேக்கமும் வேண்டாம். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே எடுங்கள். கூடவே குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலும் ஒரு பாட்டில். ஏன் என்றால், பெங்களூரு ஏரிகளில் சேர்வது மழை மட்டுமா? வீடுகளின் கழிவுநீராகக் காவிரியும் சேர்கிறது. அது கே.ஆர்.எஸ். அணையில் தேங்கி, வெயில் பட்டு வந்த தண்ணீர். இதைக் கணக்கில் எடுக்காமல் எல்லாம் இங்கேயே ஆவியானது என்று சொல்லிவிடக் கூடாது.

சரி, ஆய்வகம். லேசர் கருவிக்கு இரண்டு மில்லி போதும். இந்திய அறிவியல் கழகத்தின் புவி அறிவியல் மையத்தில் இந்த வகை ஆய்வு நடக்கிறது, கல்லூரி வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். முடிவு ஆக்ஸிஜன்-18-க்கு ஒன்று, டியூட்டீரியத்துக்கு ஒன்று என இரண்டு 'டெல்டா' எண்களாக வரும். ஒப்பிடுவதற்கான உலக அளவுகோலான 'வியன்னா தரக் கடல்நீரை'விட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, குறைய என்பதே அதன் பொருள்.

புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் 1961-இல் கண்ட உலக மழைநீர்க் கோடு இது: டெல்டா டியூட்டீரியம் = 8 × டெல்டா ஆக்ஸிஜன்-18 + 10. கணக்குக்காக மட்டும் சில எண்கள், முதலில் ஆக்ஸிஜன்-18, அடுத்து டியூட்டீரியம்: மழை −4, −22. கோட்டின் மேலேயே உட்காருகிறது. ஏரி +1, +2. இரண்டுக்கும் நடுவே சாய்வு 24 ÷ 5 = 4.8. சாய்வு 8-லிருந்து 4, 5 என்று இறங்கினால் ஆவியாதல் நடந்திருக்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு சாய்வு குறையும், எனவே மார்ச் ஏரியும் ஜூலை ஏரியும் ஒரே கோட்டில் வராது.

காற்றின் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேட, டெல்டா டியூட்டீரியத்திலிருந்து டெல்டா ஆக்ஸிஜன்-18-இன் 8 மடங்கைக் கழியுங்கள். மேலே மழைக்கு 10, ஏரிக்கு −6. மழையில் இந்த எண் 10-ஐத் தாண்டினால், நிலத்திலிருந்து மறுபடி ஆவியான ஈரம் கலந்திருக்கலாம். குறைந்தால், துளிகள் விழும் வழியிலேயே ஆவியாகியிருக்கலாம். தூறலில் இது சகஜம், அதனால் ஒரு தூறலை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்கு மழையைவிட ஆக்ஸிஜன்-18 குறைந்தது. பெங்களூருக்கு இரண்டு மழையும் உண்டு. அப்புறம், ஜூலைத் தண்ணீரையும் நவம்பர் தண்ணீரையும் ஒரே கேனில் ஊற்றிச் சேர்த்துவைத்தால் அந்த வித்தியாசம் போயே போச்சு.