செனான் முகப்பு விளக்கு மினுங்கினால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்

செனான் பல்பைப் பற்றவைத்து எரிய வைக்கும் பெட்டிதான் பேலஸ்ட். பல்பு சீராக எரியும்போது 35 வாட் பேலஸ்ட் இழுப்பது மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல்தான். பற்றவைக்கும் நொடிகளில் அது பல மடங்காகும். காரில் ஏற்கெனவே உள்ள, ஆலசன் விளக்குக்கான மெல்லிய ஒயரில் அப்போது வோல்ட்டேஜ் சரியும். ஒரு பக்கம் எரியாது, அல்லது மினுங்கி அணையும். பலர் பேலஸ்ட்டை மாற்றிப் பணத்தை வீணாக்குவது இங்கேதான்.

நான் செய்தது: பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்). ரிலேயின் 30 என்ற முனையில் பேட்டரி, 87-இல் பேலஸ்ட்டுகள், 86-இல் பழைய ஹெட்லைட் ஒயர், 85-இல் எர்த், அதாவது காரின் இரும்பு பாடி. எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டியே போல்ட்டை முறுக்க வேண்டும். விளக்கு எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பேலஸ்ட் நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

ரிலே படபடத்தால், கார் விளக்குக்குத் துடிப்பு மின்சாரம் (வேகமாக விட்டுவிட்டு வரும் மின்சாரம்) அனுப்புகிறது. 86-க்கு முன் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது), ரிலே காயிலுக்குக் குறுக்கே, அதாவது 86-க்கும் 85-க்கும் இடையே, 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டதும் நின்றது. டயோடின் கோடு ரிலே பக்கம் இருக்கட்டும். பல்பு பழுது எச்சரிக்கை வந்தால் பழைய ஹெட்லைட் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். கொதிக்கும் அளவுக்குச் சுடும், பிளாஸ்டிக்கைத் தொடாமல் இரும்பில் திருகுங்கள்.

பற்றவைப்பு 20,000 வோல்ட்டைத் தாண்டும். பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள். புரொஜெக்டர் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ் அமைப்பு) இல்லாத ஆலசன் கிண்ணத்தில் செனான் போடவே வேண்டாம், எதிரே வருபவரின் கண் கூசும்.